குகதாசன் தீவு

இரவு பதினொன்று பத்து. ஏரிக்குப் போகும் பாதையில் ஒருவரும் இல்லை. ஹோட்டல் குசினியை மூடிவிட்டு, ஊழியர் அறையில் ஐந்து பேர் நெருங்கி இருந்தோம். சமையல்காரர் தயாநிதி அண்ணை எழுந்துபோய் ஜன்னலைப் பூட்டினார்.

"வரைபடத்தில அந்தத் தீவுக்குப் பேரே இல்லையே," என்றான் ஆருஷ். இந்தக் குளிர் நாட்டிலேயே பிறந்தவன்.

"பனியாறு உருக வெளிய வந்த கல்லுத்தானே," என்றார் அண்ணை. " பேர் வைச்சது நாங்கள். என்ர மச்சான்ர கூட்டாளி சொன்ன கதை."

ஒன்பது வருடங்களுக்கு முந்திய ஒக்டோபர். இதே நேரம், இதே பாதை. குகதாசன் இந்தக் குசினியின் தலைமைச் சமையல்காரர். கஜீவன் கோப்பை கழுவுபவன். குகதாசன் தன்னை அடித்ததை அவன் முதலாளியிடம் சொல்லிவிட்டான்.

"வாடா, கோவத்தை விடுவம். வலை போட்டிட்டு வருவம்," என்றார் குகதாசன்.

வள்ளத்தில் கொண்டுபோய் அவனைத் தீவில் இறக்கினார். தனியே திரும்பினார். கரையில் இறங்கி வள்ளத்தை மிதக்கவிட்டார்.

கஜீவன் விடியும்வரை கூப்பிட்டான். "குகதாசண்ணை..." தண்ணீர் அந்தக் குரலைக் குசினிவரை கொண்டுவந்தது.

காலையில் கல்லோடு உறைந்து கிடந்தான். வள்ளம் நழுவிவிட்டது, விபத்து என்று போலீஸ் எழுதியது.

அடுத்த இரவும் குரல் வந்தது... இரண்டு தரம். தினமும் இரண்டே தரம்.

"பேய்க்கு மூண்டு தரம் கூப்பிட ஏலாது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறதுதானே. அந்தாள் காதைப் பொத்திக்கொண்டு படுத்துது."

ஒரு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஓர் இரவு... மூன்றாவது தரம் கூப்பிட்டது. உயிருள்ள யாரோ என்று நினைத்து, குகதாசன் "ஓம்" என்று பதில் குரல் கொடுத்தார்.

வள்ளம் கரையில் சங்கிலியோடு கிடந்தது. தீவில் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும். நனையவில்லை. பொத்தான்கள் பூட்டியபடி. வெங்காயம் வதக்கிய மணம்கூடப் போகவில்லை.

"ஒரு வருசமாக் கூப்பிட்ட பேர். அதையே கல்லுக்கு வைச்சம்."

"அண்ணை," என்றாள் மதுஜா, "கஜீவன் கத்தினது வேற ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

"ஒருத்தனுக்குக் கேட்டது. குளிருதெண்டு ஜன்னலைப் பூட்டிப்போட்டுப் படுத்திட்டான்."

"ஆர்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஏரிப்பக்கம் பனிக்கட்டி வெடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, மெல்ல...

"தயாநிதியண்ணை..."

மதுஜா ஒரு விரலை மடக்கினாள்.

"தயாநிதியண்ணை..."

அண்ணை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். விரல்களுக்குப் பின்னால் உதடுகள் "ஓம்" என்று அசையத் தொடங்கியிருந்தன.