ஒனிஹங்கா ரயிலில் தமிழ்

இந்த வெளிநாட்டு ஊரின் ரயிலில் காதில் விழுந்த ஒரு பையனின் ரகசியத்தை நான் அவன் தகப்பனிடம் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பின்னால் அவனும், அவனைவிடச் சற்று மூத்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"இங்கிலிஷ் வேண்டாம், தமிழில கதை. இதுக்குள்ள ஒருத்தருக்கும் விளங்காது."

"என்ர தமிழ் எனக்கே விளங்காது, அக்கா."

"பகிடி விடாத. உன்ர அப்பாட்ட என்ன சொன்னனீ?"

"கிரிக்கெட் பிராக்டிஸ் எண்டு."

"அப்ப பேட் எங்க?"

"ஐயோ!"

"நல்லா மாட்டப் போறாய்."

"எனக்குப் பொம்பிளைப் பிள்ளையளை இல்லை, பெடியன்களைத்தான் பிடிக்கும் எண்டு இப்ப நாங்கள் போற கூட்டம் நடக்கிற அந்த ஹோல்ல மட்டும்தான் சொல்லலாம், அக்கா. அங்க எல்லாரும் எங்களை மாதிரித்தான், தோல் நிறமும் வெள்ளை இல்லை. அப்பாக்குத் தெரிஞ்சா அதுவும் போச்சு."

அவர்கள் இறங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கோயில் நண்பரின் மகன். அக்கறை என்று நினைத்து அன்றைக்கே அவருக்குச் சொன்னேன். அதே வாரம் பையன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க, அவர்கள் இறங்கிய நிலையத்தருகே விசாரித்து, அவன் சொன்ன அந்த மண்டபத்தைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் உள்ளே பேச்சு நின்றது. அவன் பெயரைச் சொல்லி, இங்கே வருகிறானா என்று கேட்டேன்.

வாசலில் நின்ற பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "இங்கே யார் வருகிறார்கள் என்று நாங்கள் வெளியில் சொல்வதில்லை."