ஒன்பதாவது கேள்வி

“பெஞ்சு போட்டிருக்காங்கம்மா, போடலைன்னு நான் சொல்லல. பூங்கான்னா பெஞ்சு வேணும்னாங்க, போட்டாங்க. ஆனா எதப் பாத்துப் போட்டாங்க? சுவத்தப் பாத்து. உக்காந்தா மூக்குக்கு நேரா சுவரு... அங்க உக்காந்து நான் என்னத்தப் பாக்கறது, சுண்ணாம்பு உதிர்றதையா? ஒண்ணரை போடுங்க. அரை கிடையாதா? என்னம்மா இது, அரை இல்லாம ஒரு விஷயத்த எப்படி சரியாச் சொல்றது... சரி, ரெண்டு. பெஞ்சு செஞ்ச ஆளு என்ன பண்ணுவான், பாவம்.”

படிவத்தோடு வந்திருந்த பெண் இரண்டைக் குறித்தாள். அது ஏழாவது கேள்வி. மொத்தம் முப்பத்தொன்று. நகரத்தின் சேவைகளைப் பற்றியும் வாழ்க்கை வசதியைப் பற்றியும் குடியிருப்போர் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை வாங்கி வர வேண்டும். வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னவர்கள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அவள் நுழைந்தது பத்து மணிக்கு. இப்போது பத்தே முக்கால்.

நுழைந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்ற வீடுகளில் மணியை அடித்துவிட்டு நிற்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு கண் தெரியும், என்ன விற்கிறாய் என்று கேட்கும். இங்கே கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி, எதிரே காலியாக இன்னொன்று. அவள் வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். “நகராட்சியிலேருந்துதானே?” என்றார். தலையாட்டினாள். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “வருவீங்கன்னு தெரியும்,” என்று காலி நாற்காலியைத் துண்டால் துடைத்தார். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளை யாரும் எதிர்பார்த்துக் காத்திருந்ததில்லை. படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. கேள்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

தெருவில் அவரை வால்வுக்காரர் என்றார்கள். குடிநீர்ப் பிரிவில் முப்பத்துநாலு வருடம், ஊரில் இருக்கிற வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடுகிற வேலை. ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. பதில் சொல்பவரிடம் குறுக்கே பேசக் கூடாது என்பது அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வால்வுக்காரருக்கு அந்தப் பாடம் மிகவும் வசதியாக இருந்தது.

எட்டாவது, தெருவிளக்கு. மூலைக் கம்பத்து விளக்கு காலை ஆறுக்கு எரிகிறது, மாலை ஆறுக்கு அணைகிறது, ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது என்றார். இந்த ஊரில் நேரம் தவறாமல் நடக்கிற ஒரே காரியம் அதுதான். அதனால் மூன்று போடச் சொன்னார். அங்கிருந்து பேச்சு, அதே மூலையில் ஒருமுறை அவர் பள்ளத்தில் விழுந்ததற்குப் போய், பள்ளத்தை மூட வந்தவர்கள் பக்கத்தில் புதிதாக ஒன்று தோண்டியதற்குத் தாவி, தோண்டியவரின் மைத்துனர் இப்போது பேருந்து ஓட்டுகிறார் என்பதில் வந்து நின்றது.

ஒன்பதாவது கேள்வியை அவள் வாசித்தாள். உங்கள் வீட்டுக்கு வரும் குடிநீர் எப்படி?

“அத அப்புறம் பாக்கலாம். பஸ்ஸக் கேளுங்க.”

பேருந்து நிற்பதில்லை, நின்றால் தாமதமாகிறதாம். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது; பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் பாட்டு மட்டும் இருக்கிறது, வண்டி போய்விட்டது. நூலகத்தில் நாளிதழ் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. வெளியே எடுத்து வந்து படித்தால் திருட்டு என்கிறார்கள். தபால்காரருக்கு மட்டும் நாலு கொடுத்தார், ஆனால் தபால்காரர் கேள்வியிலேயே இல்லை. நடுவில் இரண்டு முறை ஒன்பதுக்குத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் அவருக்கு அவசரமாக வேறொன்று ஞாபகம் வந்தது.

நேற்று அவள் கீழ்த் தெருவை முடித்திருந்தாள். அங்கே எல்லா வீட்டிலும் ஒன்பதுக்கு ஐந்துதான். தொட்டி நிரம்பி வழிகிறது, வாசல் கழுவுகிறோம், சைக்கிள் கழுவுகிறோம் என்றார்கள். ஒருவர் ஆறு போடலாமா என்று கேட்டார். இந்த வீட்டுச் சமையலறை வாசலிலோ அளவு வாரியாக வாளி, கேன், அண்டா, எல்லாவற்றுக்கும் மூடி. குழாயின் கழுத்தில், துணி காயப்போடும் கிளிப்புகள் வைத்த பையை மாட்டியிருந்தார்கள். பார்த்தால் அது ரொம்ப நாளாகவே ஆணி வேலை செய்கிற குழாய்.

அவள் படிவக் கட்டை வைத்திருந்தது கதவோரம் நின்ற ஒரு பெட்டியின் மேல். “வீட்டம்மாவோடது. ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்குப் போறா,” என்றார் வால்வுக்காரர். “சும்மா, ஒரு மாறுதலுக்கு.” சும்மா போகிறவர்களின் பெட்டிக்குக் கயிறு கட்டியிருக்காது. சுவரில் படம் மாட்டியிருந்த இடத்தில் ஒரு வெளிறிய சதுரமும் தெரிந்தது.

இருபத்துநாலாவது கேள்வி தெருநாய்களைப் பற்றியது. அவர் நாய் நாயாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அவர் மனைவி, இரண்டு கையிலும் பத்து லிட்டர் கேனோடு உள்ளே வந்தார். சிறிய உருவம். வலது தோளில் ரவிக்கைக்கு வெளியே வலிப் பிளாஸ்திரி எட்டிப்பார்த்தது. கேன்களை இறக்கிவிட்டு விரல்களை மடக்கி நீட்டினார்.

“தண்ணி பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

படிவக்காரப் பெண் பேனாவைப் பார்த்தாள்.

“சொல்ல மாட்டாரு. ஊர்ல இருக்கற நாய்க்கெல்லாம் மார்க் போடுவாரு, தண்ணிய மட்டும் தொட மாட்டாரு. ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட மனுஷன் வீட்டுல நான் கீழ்த் தெருவுக்கும் மேலுக்கும் ஆறு நடை. டாக்டர் தூக்காதேங்கறாரு, இவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு. எழுதிக்கோம்மா, என் பேருலயே எழுதிக்கோ. ஞாயித்துக்கெழம போறேன். குழாயில தண்ணி வந்தா சொல்லி அனுப்பட்டும், வர்றேன். வரலன்னா அங்கயே இருந்துக்கறேன்.”

இதைச் சொல்லும்போது குரல் ஏறவில்லை. காலி கேன் இரண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பெண் தன் படிவக் கட்டைப் பெட்டியின் மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணியிலிருந்து முதல் முறையாக வால்வுக்காரர் பேசாமல் இருந்தார். கீழே காலடிச் சத்தம் தேய்ந்து போகும்வரை இருந்தார்.

“இந்தக் கதவ ஏழு மாசமா நான் பகல்ல சாத்தலம்மா,” என்றார். “கடைசி நாளன்னிக்கு இஞ்சினியர் என்கூட ஊரச் சுத்தி வருவாருன்னு நெனச்சேன். ஒவ்வொரு வால்வா நின்னு காட்டணும்னு காலையிலயே சவரம் பண்ணிக்கிட்டுப் போனேன். ஒரு நோட்ட நீட்டினாரு. எந்த வால்வுக்கு எத்தன சுத்துன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நாலு மணிக்குள்ளன்னாரு. அவ்வளவுதான். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல உக்கார வச்சாங்க. நூத்திப் பதினாலு வால்வும்மா... எல்லாம் இங்கதான் இருந்துச்சு.” நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “நூத்திப் பதிமூணு சரியா எழுதினேன்.”

அவள் பேனாவை மூடினாள்.

“மூலையில இருக்கே, அது கீழ்த் தெரு வால்வு. முழுசாத் திறந்தா இருபத்தாறு சுத்து. அப்படித் திறந்தா தண்ணி பூரா பள்ளத்துக்கு ஓடிடும், நம்ம தெரு மேடு, காத்துதான் வரும். அளவாத் திறந்தாதான் தண்ணி தேங்கி இங்க ஏறும். மூணு மணி நேரம் ஆகும், ஆனா ஏறும். அந்த அளவ மட்டும் எழுதல. முழுசான்னு எழுதிட்டேன். ஒண்ணுக்காவது என்னத் தேடி வந்து கேக்கட்டும்னு. அடுத்தவன் தெருவுல கை வைக்க மனசு வரல... அதோட, சொந்தத் தெருன்னா கேக்க வர்றவங்களுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க.”

ஒரு வாரத்தில் வருவார்கள் என்று இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். வரவில்லை. புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆள் நோட்டில் இருக்கிறபடியே செய்கிறவர். அவரைப் போல ஒழுங்கான ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று வால்வுக்காரர் வருத்தத்தோடு சொன்னார். தெருக்காரர்கள் மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து அவருடையது. அலுவலகத்தில் நோட்டை எடுத்துக் காட்டினார்கள்: எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, உங்கள் தெரு ஆள்தான் எழுதினார், அவருக்குத் தெரியாததா?

“ரெண்டாம் மாசமே போய்ச் சொல்லிடலாம்னுதான் பாத்தேன். என்னன்னு சொல்றது? சொந்தத் தெருவோட சுத்து மறந்துபோச்சுன்னா? இல்ல, வேணும்னே எழுதினேன்னா? ரெண்டுல எது கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்... இவ தோளு போயிடுச்சு.”

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒன்பதாவத படிங்க.”

படித்தாள்.

“பதினேழரை,” என்றார். “பதினெட்டு வச்சா பள்ளத்துக்கு ஓடிடும். பதினேழு வச்சா கீழ்த் தெருக்காரங்க சண்டைக்கு வருவாங்க. பதினேழரை.”

கட்டத்தில் ஐந்து வட்டங்கள்தான் இருந்தன. அவள் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் பதினேழரை என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதித் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“இத யாராவது படிப்பாங்களா?”

அலுவலகத்து மாடிப்படிக்கு அடியில் போன வருடத்துப் படிவங்கள் கட்டுப் பிரிக்காமல் இருப்பதும், அதில் ஒரு கட்டின் மேல் காவலாளி செருப்பு விடுவதும் அவளுக்குத் தெரியும். அவள் பதில் சொல்லவில்லை. குறுக்கே பேசக் கூடாது என்பதற்காக அல்ல.

அவருக்குப் புரிந்தது. எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. மூலை வால்வைத் திறக்கிற ஆள் பன்னிரண்டே காலுக்கு வருவான், ஒரு நிமிடம் பிந்த மாட்டான் என்றார். மிச்சம் ஏழு கேள்விக்கும் அவளாகவே ஏதாவது போட்டுக்கொள்ளச் சொன்னார். மேல் பொத்தான் போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருவரும் வெளியே வந்ததும் திரும்பி நின்று கதவை இழுத்துச் சாத்தினார். இவ்வளவு நாள் திறந்தே கிடந்த கதவு நிலையில் லேசில் உட்காரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வீடு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி. அந்த வீட்டம்மா நல்லவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எட்டுக் கேள்வி நாலு நிமிடத்தில் முடிந்தது. ஒன்பதாவதை வாசித்ததும் கொஞ்சம் சூடாகிவிட்டார். ஒன்று கூடத் தர முடியாது, பூஜ்யம் என்றார்.

பெண் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே தெருமூலையில் வால்வுக் குழியின் மூடி திறந்திருந்தது. வால்வைத் திருகுகிற நீளச் சாவியைக் கையில் பிடித்தபடி காண்ட்ராக்ட் ஆள் நின்றுகொண்டிருந்தார். எதிரே வால்வுக்காரர். கை மேட்டைக் காட்டியது, பள்ளத்தைக் காட்டியது, நகராட்சி அலுவலகம் இருக்கிற திசையைக் கொஞ்ச நேரம் காட்டியது. ஒருமுறை பூங்கா பக்கம் கூடப் போனது, பெஞ்சாக இருக்கும். காண்ட்ராக்ட் ஆளின் வாய் அசையவே இல்லை. சற்றுத் தள்ளி, நிரம்பிய இரண்டு கேனையும் தரையில் வைத்துவிட்டு, வால்வுக்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வால்வுக்காரர் பத்து விரல்களையும் விரித்தார். அடுத்து ஏழு. அப்புறம் ஒரு விரலை நீட்டி, மறு கையால் அதைப் பாதியில் வெட்டிக் காட்டினார்.

“எழுதிட்டீங்களா? பூஜ்யம்,” என்றார் வீட்டம்மா.

வால்வுக்காரர் பேசி முடிக்க ஒரு மணி நேரம், தண்ணீர் மேடேற மூன்று மணி நேரம் என்று பெண் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

“இந்த ஒரு கேள்விய மட்டும் அஞ்சு மணிக்கு வந்து கேக்கறேங்க,” என்றாள்.