பணிவாகப் பேசுகிறார், வேறொன்றுமில்லை

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு, எங்கள் இணைய நிறுவனத்தின் தலைமைக் கட்டடத்துக் கருவி அறையில் இருந்து, வீட்டு இணைப்புகள் எல்லாவற்றிலும் இருபத்தைந்தாம் போர்ட் அடைக்கப்பட்டது.

நான் அன்று ஒன்பது மணிக்குத்தான் வேலைக்கு வந்தேன். வரும் வழியில் ஹெட்போனுக்குப் புதுப் பஞ்சு வாங்கினேன். பழையது உதிர்ந்து காதெல்லாம் கறுப்பாகிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க மற்றவர்கள் குறையைக் காதில் வாங்குகிறவனுக்குப் பஞ்சு முக்கியம்.

விசாரணைக்காக நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். வரிசையாக எழுதுகிறேன். வரிசை மாறினால் எனக்குப் பிடிக்காது, அது என் தொழில் பழக்கம்.

போர்ட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டு இணைப்பை ஒரு கட்டடம் என்று வைத்துக்கொண்டால் அதற்குப் பல வாசல்கள், வாசலுக்கு ஒரு எண். மின்னஞ்சல் வெளியே போகும் பழைய வாசலின் எண் இருபத்தைந்து. குப்பை மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் அந்த வழியாகத்தான் லாரி லாரியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதால் அடைத்தார்கள். நல்ல முடிவு. இப்போதைய கணினிகளில் எண்ணை மாற்றிவிட்டால் வேறு வாசல் வழியாகப் போய்விடும். மாற்றவே முடியாத பழைய கருவி யார் வீட்டிலாவது இருந்தால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எங்கள் திரையிலிருந்து திறந்துவிடலாம். சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். அதற்கு எந்த மேலதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம்.

நான்காம் தேதி அந்த அம்மாள் முதல் முறையாக அழைத்தார். குடிநீர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் உட்காருபவர். ஐம்பது வயதுக் குரல். நான் வழக்கம்போல, மோடத்தை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடச் சொன்னேன்.

"தம்பி, மோடம் நல்லாத்தான் இருக்கு. நீங்க இருபத்தஞ்சாம் போர்ட்ட அடைச்சிருக்கீங்க. அத எனக்கு மட்டும் தொறந்து விடுங்க, போதும்" என்றார்.

எங்கள் மேசைகளில் ஒரு பழக்கம் உண்டு. நோயையும் மருந்தையும் தானே சொல்லிக்கொண்டு வரும் வாடிக்கையாளருக்கு 'டாக்டர்' என்று பெயர். டாக்டர்களைப் படி ஏற்ற வேண்டும். மொத்தம் பதினான்கு படிகள்: மோடம், கம்பி, கடவுச்சொல், வேறொரு கணினி என்று போகும். பதினான்கும் ஏறி இறங்கினால் முக்கால்வாசிப் பேர் ஆளை விட்டால் போதும் என்று போனை வைத்துவிடுவார்கள். அதையும் 'தீர்ந்தது' என்றுதான் பதிவோம்.

இந்த அம்மாள் வைக்கவில்லை. அவர் அப்பாவுக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சுக் கருவி மாட்டியிருந்தார்கள். கருவியோடு ஒரு பெட்டி. குழாய் கழன்றால் பெட்டி அறைக்குள் கேட்கும் அளவுக்குச் சத்தம் போடும், மகளின் கைபேசிக்கு மின்னஞ்சலும் அனுப்பும். மாட்டும்வரை நிமிஷத்துக்கு ஒன்று. போகாத மின்னஞ்சலைச் சேர்த்து வைத்துக்கொண்டு விடாமல் முயலும். அந்தப் பெட்டிக்கு இருபத்தைந்தைத் தவிர வேறு வாசல் தெரியாது, செய்த நிறுவனமும் இப்போது இல்லை. மின்னஞ்சல் வந்ததும் மகள் அலுவலகத்திலிருந்து கீழ்வீட்டுக்குப் போன் போடுவார். அங்கே ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், அவரிடம் ஒரு சாவி. முழங்கால் வலிக்காரர். கூப்பிட்டால் மாடி ஏறிக் குழாயை மாட்டிவிட்டு வருவார். கூப்பிடாமல் ஏறமாட்டார். மாதத்துக்கு ஐந்தாறு தடவை இப்படி நடக்கும் என்றார்.

இதெல்லாம் எனக்கு முதல் அழைப்பிலேயே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று நான் சொன்னதாக யாராவது எழுதியிருந்தால் அது தவறு. நான் மந்தமானவன் இல்லை.

"படி தாண்ட முடியாதுங்க மேடம். நீங்க வீட்ல இருக்கும்போது கூப்பிடுங்க, சேர்ந்து பாத்துடலாம்" என்றேன்.

அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு செய்தி போகும். அவர் ஒரு நட்சத்திரம் போட்டார். கீழே கருத்து எழுத இடம் உண்டு, யாரும் எழுதுவதில்லை. அவர் எழுதியிருந்தார்: பணிவாகப் பேசுகிறார், வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் அதை உரக்கப் படித்தார். படித்துவிட்டு ஒருமுறை என்னைப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள். எண்ணினேன். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் 'பணிவு' என்று பெயர்.

"பணிவு, அந்தத் தண்ணி ஜக்க இப்படித் தள்ளு."

"பணிவு இன்னிக்கு லீவா? அப்ப யாருப்பா பணிவாப் பேசுறது?"

பக்கத்து இருக்கை அக்கா மட்டும் ஒருநாள், "விடுப்பா, ரெண்டு வாரத்துல வேற ஆள் மாட்டுவான்" என்றார். நல்லவர். அவருக்கு நடந்ததில் பங்கு உண்டு என்றாலும் நல்லவர்தான்.

இதனால் எனக்குக் கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கோபப்படுகிறவன் குரலை உயர்த்துவான். என் அழைப்புகள் எல்லாமே பதிவாகியிருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு வாடிக்கையாளரை ஒரே ஆள் தொடர்ந்து கவனிக்கட்டும் என்பதற்காக ஒரு வசதி இருக்கிறது. அவர் எண்ணை என் இருக்கையோடு கட்டிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் எந்த நேரம் அழைத்தாலும் என்னிடம்தான் வருவார். பலரிடம் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சிரமம் அவருக்கு மிச்சம்.

பத்தாம் தேதி பாதி நாள் விடுப்புப் போட்டு வீட்டிலிருந்து அழைத்தார். ஒன்பது படி ஏறினோம். பன்னிரண்டாம் தேதி இன்னொரு பாதி நாள். மீதிப் படிகளை ஏறினோம். ஒரு கட்டத்தில் வேறொரு கணினி வேண்டும் என்றேன். கீழ்வீட்டு ஓட்டுநரின் மகளுடைய மடிக்கணினியை வாங்கி வந்தார். அதில் மின்னஞ்சல் போனது.

"போயிருச்சா மேடம்? அப்ப எங்க பக்கம் கோளாறு இல்ல. உங்க பெட்டியிலதான்."

"தம்பி, அந்த லேப்டாப் வேற போர்ட்டுல போகுது. உங்களுக்கே தெரியும். ஏன் தெரியாத மாதிரி பேசுறீங்க?"

"நான் சொல்றத மட்டும் செய்யுங்க மேடம்."

பின்னால் மூச்சுக் கருவியின் ஓசை கேட்டது, ஒழுங்காக, கடிகாரம் மாதிரி. பிறகு அவர் சொன்னார்: "நானும் ஜன்னல்ல உக்காந்திருக்கறவதான் தம்பி. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு நானும் சொல்லியிருக்கேன். ஆனா தண்ணி வராத வீட்டுக்காரர அப்படி அனுப்பினதில்ல."

இது தேவையில்லாத பேச்சு. குறிப்பில் 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று பதிந்தேன்.

போர்ட்டை அடைத்த அன்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதன் நான்காம் பத்தியை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள், அவசியமே இல்லை. எனக்கு மனப்பாடம். 'மருத்துவக் கருவி வைத்திருப்போர் கேட்டால் விசாரணையின்றி உடனே திறந்துவிடவும்.' உடனே என்பதற்கு எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. எழுதுகிறவர்கள் அதைத் தெளிவாக எழுதியிருக்கலாம்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை எனக்கு விடுப்பு. நான் இல்லாததால் அவர் அழைப்பு பக்கத்து இருக்கை அக்காவுக்குப் போனது. அக்கா இரண்டு நிமிஷம் கேட்டிருக்கிறார், கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார், முடிந்தது. திங்கட்கிழமை வந்ததும் பெருமையாகச் சொன்னார்.

"ஏம்பா, அந்த மூச்சு மெஷின் அம்மாவுக்குத் தொறந்து விட்டுட்டேன். பாவம், போன்லயே கும்பிட்டாங்க. உனக்கு இது கண்ணுல படலயா?"

"ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

அக்கா தேநீர் குடிக்கப் போனதும் டிக்கை எடுத்துவிட்டேன். மணி ஒன்பது பத்து. என் பொறுப்பில் இருக்கும் புகாரை வேறொருவர் முடித்துவைப்பது முறையில்லை. அதோடு, பாதியில் முடிந்த புகாரில் அந்த ஒரு நட்சத்திரம் அப்படியே நின்றுவிடும். நான் முடித்தால்தான் அவர் மறுபடி நட்சத்திரம் போடும் வாய்ப்பு வரும். இதை அக்காவிடம் விளக்கியிருக்கலாம். அவர் பெரிதாக்குவார் என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மாளுக்குத் திறந்திருப்பதாகவே நினைப்பு. செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பெட்டி சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அப்பாவுக்கு உதடு நீலமாகியிருந்தது. கருவி இல்லாமல் கொஞ்ச நேரம் தாங்கும் அளவுக்கு அவருக்கு அப்போது தெம்பு இருந்தது. அன்று தப்பித்துவிட்டார். புதன்கிழமை மகளிடமிருந்து எனக்கு நான்கு அழைப்புகள். வியாழன், இருபதாம் தேதி, பன்னிரண்டு நாற்பதுக்கு அலுவலக ஜன்னலிலிருந்து அழைத்தார். பின்னால் வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பு கேட்டது.

"தம்பி, டிரைவர் அண்ணன மணிக்கு ஒரு தரம் ஏறச் சொல்லியிருக்கேன். அவராலயும் முடியல. முழங்கால் வீங்கிப் போச்சு. எனக்கு லீவு மிச்சம் ஒண்ணுமில்ல. நான் எதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க. உங்க அம்மா வயசு எனக்கு. தொறந்து விடுங்க தம்பி."

அழுதார். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

"கண்டிப்பா மேடம். உங்களுக்காகத்தான் இருக்கோம். ஒரு சின்ன விஷயம், நீங்க போன தடவ ஒரு கருத்து போட்டிருந்தீங்க. அத மாத்திப் போட முடியுமா?"

"என்ன போடணும்னு சொல்லுங்க, போடுறேன்."

"அத நான் சொல்லக் கூடாது மேடம். உங்க மனசுல பட்டத எழுதுங்க."

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. ஐந்து நட்சத்திரம். 'மிகவும் உதவியாக இருந்தார். நன்றி.' எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அதை அச்செடுத்தேன். அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது, பின்பக்கத்தைக் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "பாத்தியா, பணிவு ஜெயிச்சுட்டான்" என்று என் தோளில் தட்டினார். அறிவிப்புப் பலகையில் குத்த ஊசி கிடைக்கவில்லை. கணக்குப் பிரிவில் போய் வாங்கி வந்தேன். குத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். என் சாப்பாட்டு நேரம் ஒன்றரை முதல் இரண்டேகால் வரை, அது பதிவேட்டில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்தபோது பலகைக்கு முன்னால் நான்கு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்று மணிக்கு அந்த அம்மாளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆண் குரல். கீழ்வீட்டு ஓட்டுநர்.

"தம்பி, அந்த அம்மா போன்ல கடைசியா அடிச்சிருந்த நம்பர் இதுதான். ஆபீஸ்னு நெனச்சு அடிச்சேன். ஐயா போயிட்டாரு. நான் ஒரு மணிக்கு ஏறிப் பாத்தேன், நல்லா இருந்தாரு. திரும்ப ரெண்டு மணிக்கு ஏறுறதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு. குழாய் கழண்டு கெடக்கு. அவங்களுக்கு மெயில் வரும், வந்தா சொல்லுவாங்கன்னு... வரலயே தம்பி."

"உங்க வருத்தத்துல நாங்களும் பங்கெடுத்துக்குறோம் சார். வேற எதாவது உதவி வேணுமா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்க வேண்டும், பயிற்சியில் சொல்லித்தந்தது.

முதியவர் எப்படியும் அதிக நாள் இருந்திருக்கமாட்டார் என்று மருத்துவர் சொன்னதாக உங்கள் தாளிலேயே இருக்கிறது. ஓட்டுநர் சரியாக இரண்டு மணிக்கு ஏறியிருக்க வேண்டும். பெட்டி செய்த நிறுவனம் மூடியிருக்கக் கூடாது. இத்தனை பேர் இருக்கும்போது என் பெயரை மட்டும் மேலே எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. நான் எதையும் மறுக்கவில்லை. அடைத்தது நிறுவனம், திறந்தது அக்கா, மறுபடி அடைத்தது நான். எட்டு அழைப்புகளில் என்ன கோளாறு என்று தெரிந்தே தெரியாதது போல் பேசியதும் நான்தான்.

ஆனால் சொன்ன வார்த்தையை நான் காப்பாற்றினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பன்னிரண்டுக்கு அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். பெட்டி சேர்த்து வைத்துக்கொண்டிருந்த மின்னஞ்சல்கள் எல்லாம் வரிசையாக வெளியே போவதைத் திரையில் பார்த்தேன். அந்த வாரத்துப் பழையவை ஒன்பது. அன்றையவை முப்பத்துநாலு, ஒன்று முப்பத்தொன்றிலிருந்து இரண்டு நான்கு வரை நிமிஷத்துக்கு ஒன்று. மொத்தம் நாற்பத்துமூன்று. மகள் அப்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், கைபேசி நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்ததாகவும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்று பதினைந்துக்குப் புகாரைத் தீர்ந்தது என்று பதிந்து மூடினேன்.