லிங்கி அட்டையில் நான் எழுதிய வருடம்

பெயர் மார்த்தா, காலஞ்சென்ற ஆம்புரோஸின் மனைவி. வயது 44. விலாசம்: சிரம்பான், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்வரிசை, கடை எண் 31. முன்பு ஆசிரியை. இப்போது பழைய தபால்தலைகளும் புகைப்பட அஞ்சலட்டைகளும் வாங்கி விற்கிறேன். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, சிரம்பான் போலீஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் மணியம் எழுத, யாரும் அழைக்காமல் நானே வந்து கூறுவது:

நான் மதராஸில் கல்லூரியில் படித்தவள். மூன்று வருடங்களாக இந்த வியாபாரம் செய்கிறேன். ஊர் திரும்பும் துரைமார்களும் பட்டாளத்துக்காரர்களும் வாங்குவார்கள். ஊரும் வருடமும் இல்லாத அட்டையை யாரும் கையில் எடுப்பதில்லை. ஆகையால் தபால்தலை ஒட்டுவதற்கென்று பின்புறம் அச்சிட்டிருக்கும் கட்டத்தைப் பார்த்து, தாள் எந்தக் காலத்தது என்று தெரிந்துகொண்டு, வருடத்தைப் பென்சிலால் எழுதுவேன்.

சென்ற டிசம்பரில் ஸ்டூடியோ நல்லசாமியிடம் விலைபோகாத அட்டைகள் ஒரு கட்டு வாங்கினேன். கட்டின் மேல் லிங்கி என்று ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. அதில் ஓர் அட்டையில் ரப்பர் மரங்களுக்கு முன்னால் இரண்டு ஆண்கள் துப்பாக்கியுடன் நின்றார்கள். அவர்கள் காலடியில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. அந்தக் கீழ் விளிம்பைக் கரையான் அரித்திருந்ததால் அரை அங்குலம் கத்தரித்து எடுத்தேன். பன்றியும் அதோடு போயிற்று. அதன் பிறகு, தாள் போருக்குப் பின் வந்த புதுத் தாள் என்பதால், பின்புறம் 'லிங்கி, 1950' என்று எழுதினேன். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக 1948இல் அவசரகாலம் அறிவித்த பிறகு துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற சட்டம் எனக்குத் தெரியும். எழுதும்போது அது நினைவில் இல்லை.

ஜனவரியில் பட்டாளத்து சார்ஜண்ட் ஒருவர் அதை வாங்கிச் சென்றார். மார்ச் 29ஆம் தேதி போலீசார் அவரோடு அந்த அட்டையைக் கொண்டுவந்து, வருடம் நிச்சயம்தானா என்று கேட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துக் கட்டத்தின் அச்சை விளக்கிக் காட்டி, நிச்சயம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அட்டையை வெட்டினாயா என்று யாரும் கேட்கவில்லை. வாங்கியவர் எதிரில் நின்றார். வெட்டிய அட்டையை முழு அட்டையென்று விற்றது தெரிந்துவிடுமே என்று நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு, படத்தில் இருந்த மாயாண்டி என்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி கைதானார். கூட நின்றவர் தலைமறைவு என்று எழுதப்பட்டது. இதெல்லாம் ஏப்ரல் 11ஆம் தேதி மாயாண்டியின் மனைவி ராக்கம்மா கடைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீதான் வருசம் போடுற டீச்சரா?" என்று கேட்டார்.

உட்காரச் சொன்னேன்.

"உக்கார வரல. ஆறு மணிக்குத் தோட்டத்துக் கம்பிவேலி கேட்டைப் பூட்டிடுவான். அந்தப் படத்துல எங்க வூட்டுக்காரரு பக்கத்துல நிக்கறது அவரோட அண்ணன் வீரமுத்து. சயாம் ரயிலு போட ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயி, அங்கேயே செத்தவரு. சொன்னா யாரும் நம்பல. ஒம் பென்சிலப் பாத்துட்டு, செத்தவரு எந்திரிச்சு வந்து அம்பதுல துப்பாக்கி புடிச்சாராக்கும்?"

"தாளு புதுசும்மா" என்றேன்.

"தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தியே, மொகத்தப் பாத்தியா?"

பழைய துரை காலத்தில் ரப்பர் கன்றுகளைப் பன்றி நோண்டியதால், துரையே காலையில் துப்பாக்கி கொடுத்து அனுப்பி, சாயங்காலம் திரும்ப வாங்கிப் பூட்டிவைப்பார் என்று ராக்கம்மா சொன்னார். அந்தத் துரை இப்போது உயிரோடு இல்லை.

அதன் பிறகு நல்லசாமியிடம் போனேன். "படம் புடிச்ச கண்ணாடி பிளேட்டு பழசு டீச்சர், ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி எடுத்தது. போன வருசம் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒருத்தரு கேட்டாருன்னு புதுத் தாள்ல ஒண்ணு போட்டேன். அவரு வாங்கிக்க வரல. நீங்க தாளப் பாத்தீங்க, என்னையக் கேக்கலியே லா" என்றார். அந்தக் கண்ணாடி பிளேட் எங்கே என்று கேட்டதற்கு, பழைய பிளேட்டுகளைச் சுரண்டிக் கழுவி ஜன்னலுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பழைய படத்தைப் புதுத் தாளில் போட முடியும் என்பது இந்த வியாபாரத்தில் முதல் பாடம். அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கேட்டிருந்தால் வருடம் போட முடியாமல் போயிருக்கும்.

அன்று முதல் கடையில் உள்ள அட்டைகளை அடிக்குச்சியால் அளந்து அடுக்குவதும், கலைத்துத் திரும்ப அளப்பதுமாக இருக்கிறேன். 14ஆம் தேதி பஸ் ஏறி, ராக்கம்மா குடியிருக்கும் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். கேட்டில் என் பையைக் கொட்டி, காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறேனா என்று பார்த்து உள்ளே விட்டார்கள். சயாமிலிருந்து திரும்பி வந்த ஆறுமுகம் என்பவரைச் சந்தித்தேன். வீரமுத்து 1943இல் முகாமில் காலராவில் இறந்ததாகச் சொன்னார். "நானும் இன்னொருத்தனுந்தாம்மா தூக்கிப் போட்டோம். மழை. குழி பூராத் தண்ணி" என்றார். அதைக் கோர்ட்டில் வந்து சொல்லவும் சம்மதித்தார்.

புறப்படும்போது ராக்கம்மா, "நாப்பதாம் வருசம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போ டீச்சர், ஒனக்குத்தான் எழுத வருமே" என்றார். நான் எழுதவில்லை. அவர் என்னோடு கேட் வரைக்கும் வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு: படம் எடுத்த வருடம் எனக்குத் தெரியாது. போலீசாரிடம் உள்ள அட்டையை வேறு அட்டையோடு வைத்து அளந்தால் உயரம் அரை அங்குலம் குறைவாக இருக்கும். குறையும் இடத்தில் பன்றி இருந்தது. அதை வெட்டியது நான். முந்தைய வாக்குமூலத்தில் நிச்சயம் என்று சொன்னது பொய். அதற்குத் தண்டனை உண்டு என்று தெரியும்.

வியாழக்கிழமை மாயாண்டியின் வழக்கு. அங்கும் இதையே சொல்வேன். தலைமறைவு என்று எழுதியிருப்பவரின் பெயர் வீரமுத்து. அவரை இனித் தேட வேண்டாம்.

மணியம் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மார்த்தா