குளியலறைத் தாழ்ப்பாள்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் கிளினிக்குக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர், "உங்க மருந்துச் சீட்டு வந்தா எனக்குக் கண்ணாடியே வேண்டாம் டாக்டர்" என்று கேலி செய்வார். நீங்கள் அந்தச் சீட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். வீண் வேலை. மாத்திரையை நிறுத்தச் சொன்னதை நான் எழுதவில்லை. வாயால்தான் சொன்னேன்.

இறந்துபோனவரைத் துறைமுகத்தில் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கியவர். காய்ச்சலிலிருந்து எழுந்த கையோடு வெறும் வயிற்றில் வெயிலில் நின்றிருக்கிறார், மயங்கி விழுந்துவிட்டார். விழுந்தபோது கைகால் கொஞ்சம் வெட்டி இழுத்தது என்றார்கள். நான் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தேன். ஓரிடத்தில் கோடு கூர்மையாக எழும்பி இறங்கியது. வலிப்பு நோய் என்று சொல்லிவிட்டேன்.

அரைத்தூக்கத்தில் இருக்கும் நல்ல மூளையும் அப்படிக் கோடு போடும். இது எனக்குத் தெரியாததல்ல. அடுத்த வருடம் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அதே பதிவை எடுத்தபோது, பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அந்த மனிதருக்கு வந்தது வெறும் மயக்கம்.

அதற்குள் அவரைக் கூண்டிலிருந்து இறக்கி, வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடும் வேலையில் போட்டிருந்தார்கள். அடுத்த முறை வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வந்தார். "வலிப்பு வரலையே?" என்றேன். "எங்க டாக்டர் வரும்? உங்க மாத்திரை அப்படி" என்று கும்பிட்டார். இதற்குமேல் எப்படிச் சொல்வது? அவர் நன்றாக இருந்த ஒவ்வொரு நாளும் என் வைத்தியத்துக்குச் சாட்சியாகிக்கொண்டே போனது. நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என்னோடு படித்தவன் ஒருவன் இப்படித்தான் ஒரு புற்றுநோய்க் கட்டியைச் சாதாரணக் கட்டி என்று சொல்லி, வழக்கில் சிக்கி வைத்தியம் பார்க்கும் உரிமையை இழந்தான். இப்போது வீட்டில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அவன் கும்பிட்டால்கூடத் தெருவில் யாரும் நிற்பதில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், மிகவும் பயமாக இருந்தது.

மூன்றாம் வருடம் பருந்தின் மச்சான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், இது வலிப்பே இல்லாமல் இருக்கலாம், மாத்திரையை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சரியான யோசனை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பருந்து விசுவாசி. நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"மச்சான் உங்க மேல கேஸ் போடணும்கிறான் டாக்டர். உங்களக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணுதான் வேணும். குளிக்கும்போது கதவத் தாழ் போடணும். உள்ள வலிப்பு வந்தா ஆபத்துன்னு நீங்க தாழ்ப்பாளக் கழட்டச் சொன்னதுல இருந்து என் பொண்டாட்டி வெளிய நின்னுக்கிட்டு 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னு கேக்குறா. அவளுக்காக நான் பாடிக்கிட்டே குளிக்கணும். எனக்கு எங்க டாக்டர் பாட்டு வரும்?"

அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, "இன்னைக்கே நிறுத்திடுங்க. மொத்தமா நிறுத்திடுங்க" என்றேன்.

அத்தனை வருடம் அந்த அளவில் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பே இல்லாத மூளைக்கும் வலிப்பு வரும். எங்கள் படிப்பில் இது பாலபாடம். நான் வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில், மனைவியின் கண்ணெதிரே, ஒரு சின்ன வலிப்பு. மச்சான் வாயை மூடுவார், அந்தச் சின்ன டாக்டர் அசடு வழிவார். பருந்து என்னிடமே திரும்பி வருவார், நான் மறுபடி மாத்திரை எழுதிக் கொடுப்பேன். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

போகிற வழியிலேயே புதுத் தாழ்ப்பாள் வாங்கினாராம். தானே முடுக்கினாராம். அது என் கணக்கில் இல்லை. வலிப்பு வந்தபோது அவர் உள்ளே இருந்தார். மனைவி வெளியே நின்று, பழக்கத்தில் 'இருக்கீங்களா' என்று கேட்டிருக்கிறாள். கதவை உடைத்துத் திறந்தபோது முகம் வாளித் தண்ணீருக்குள் இருந்தது.

மாத்திரை கொடுக்காமல் விட்டவள் என்று மாமியார் வீட்டில் அவளைத் தூற்றினார்கள். டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார் என்று அவள் அழுதிருக்கிறாள். சீட்டில் இல்லையே என்று கேட்டார்கள். என்னிடமும் வந்து கேட்டார்கள். அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. மருந்துக்கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று பின்படி வழியாக இறங்கிப் போனேன். அந்தப் பெண் மேல் பழி நிற்கக்கூடாது என்றுதான் நானாக இங்கே வந்தேன்.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஆம். தெரிந்துதான் சொன்னேன். வரும் என்று தெரிந்துதான் நிறுத்தச் சொன்னேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். நோயைத் தவறாகக் கணித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். அவருக்கு வலிப்பு வந்ததா, இல்லையா?