பானுவின் இடது கன்னம்

மாலை ஆறு மணி. அந்தமானில் ஆறு மணி என்றால் நன்றாக இருட்டியிருக்கும். மழை வேறு. மரைன் ஹில்லில் இருந்து இறங்கும் சரிவுச் சாலையில் ஒரு ஆள் இல்லை... ஒரு வண்டி இல்லை. ஓரத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

அந்தச் சரிவின் பாதியில் ஒரு மாடிக் கட்டடம். மேலே ஒரு ஸ்கின் கிளினிக். உள்ளே வைஜெயந்தி தனியாக இருந்தாள்.

வைஜெயந்தி யார் என்றால், என் நண்பன் சிவபிரகாஷுக்கு அத்தை மகள். போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு. கதை கட்டுகிற பெண் இல்லை. இதை அவனிடம் ஒரே தடவைதான் சொன்னாள். இரண்டாம் தடவை கேட்டபோது எழுந்து போய்விட்டாள். விளக்கை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள்... ம். கேளுங்கள்.

அவளுடைய வேலை, தொங்கும் தோலை இறுக்குவது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஆர்.எஃப். என்று ஒரு மெஷின். ஜெல் தடவிய கன்னத்தில் அதன் புரோப்பை, கையில் பிடிக்கும் முனையை, வைத்து நகர்த்தினால் தோலுக்கு அடியில் சூடு இறங்கும். சூடு இறங்க இறங்கத் தோல் இறுகி மேலே ஏறும். தாடைக்கு வருவார்கள், வயிற்றுக்கு வருவார்கள், பிள்ளை பெற்ற பிறகு வருவார்கள்.

புரோப் தோலில் பட்டால்தான் மெஷின் வேலை செய்யும். பட்டதும் 'டிக்... டிக்...' என்று சத்தம் வரும். திரையில் தோலின் சூடு எவ்வளவு என்று தெரியும். காற்றில் பிடித்தால் ஒன்றும் இல்லை. செத்துப்போன மாதிரி கிடக்கும்.

படுத்திருப்பவர்களின் கண்மேல் ஈரப் பஞ்சு இருக்கும். வாயை அசைக்கக் கூடாது. அதனால் வைஜெயந்தி தன் இடது மணிக்கட்டை அவர்களிடம் கொடுத்துவிடுவாள். பிடித்துக்கொள்ள வேண்டும். சூடு தாங்காவிட்டால் அழுத்த வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லா கிளினிக்கிலும் செய்வதுதான். முதலில் பாதி முகத்தை முடிப்பார்கள். பிறகு கண்ணாடியைக் காட்டுவார்கள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் யாரும் காசைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

மூன்று நாளுக்கு முன்னால் பானுவுக்கும் வலது கன்னத்தை முடித்துவிட்டு அப்படித்தான் காட்டினாள்.

பானுவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது. கணவர் ஆவுடையப்பன் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க இன்ஜினியர். எட்டு மாதமாக அவர் அங்கே, இவள் போர்ட் பிளேயரில். நடுவில் பானுவுக்கு டைபாய்டு வந்தது. உடம்பு கரைந்து கன்னம் இரண்டும் தொங்கிப் போயின. வீடியோ காலில்கூட முகம் காட்டுவதை நிறுத்திவிட்டாள். நெட் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க பானுக்கா. வலது பக்கத்தையும் பாருங்க, இடது பக்கத்தையும் பாருங்க."

பானு கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அரே... இந்தப் பக்கம் கல்யாணப் பொண்ணு. அந்தப் பக்கம் அவ மாமியார்."

ரிசப்ஷனில் இருந்து மீனா எட்டிப் பார்த்தாள். "தீதி, ஃபோட்டோ எடுக்கறப்ப மாமியார செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுக்கச் சொல்லுங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது.

"லைட் சலா கயா," என்றாள் மீனா. "ஜெனரேட்டர் காலையில இருந்தே பந்த். இன்னிக்கு அவ்ளோதான்."

பானு எழுந்து உட்கார்ந்தாள். இருட்டில் அவள் குரல் மாறியிருந்தது.

"வைஜி, அவரு நாளைக்குக் கப்பல்ல வர்றாரு. பாதி மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படிப் போய் நிப்பேன்? அவரு பாக்கறதுக்குள்ள இத முடிச்சுக் குடுத்துடணும் நீ."

"காலையில கரண்ட் வந்ததும் மொத ஆளா உங்களத்தான் எடுப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா பானுக்கா. அவரு பாக்கறதுக்குள்ள முடிச்சுடுவேன்."

பானு ஸ்கூட்டியில் சரிவில் இறங்கினாள். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. சரிவின் அடியில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று இரவே கடல் கொந்தளித்துவிட்டது. கார் நிக்கோபாரில் இருந்து கப்பல் கிளம்பவில்லை. ஹெலிகாப்டரும் இல்லை. உடலை வாங்கிக்கொள்ளத் தீவில் வேறு சொந்தம் கிடையாது. கணவர் வரும்வரை ஐஸில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. பானு மார்ச்சுவரியில் கிடந்தாள்... காத்துக்கொண்டு.

மூன்றாம் நாள். அந்த ஆறு மணி.

மீனா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க ஆள் வரவில்லை. மெஷினை மூடிவைக்கும் முன் ஒரு தடவை இயக்கிப் பார்ப்பது வழக்கம். வைஜெயந்தி சுவிட்சைப் போட்டாள். புரோப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே காலிப் படுக்கைக்கு மேலாகக் கையைக் கொண்டு போனாள்.

டிக்.

கையை இழுத்துக்கொண்டாள். சத்தம் நின்றது.

ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தாள். புரோப்பை மறுபடி துடைத்தாள். அதே இடத்துக்குக் கொண்டு போனாள்.

டிக்... டிக்...

தலையணைக்கு ஒரு சாண் மேலே... வெறும் காற்றில். கீழே இறக்கினாள், சத்தம் தொடர்ந்தது. வலது பக்கம் நகர்த்தினாள், நின்றது. திரும்ப இடதுக்கு வந்தாள்... டிக். சத்தம் வரும் இடங்களை மட்டும் தொட்டுத் தொட்டு அவள் கை தானாகப் போனது. காதுக்குக் கீழே ஆரம்பித்து... தாடை எலும்போடு ஒரு வளைவு... முகவாய். அங்கிருந்து மேலே, கன்ன மேடு.

கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. தலையணையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆனால் கைக்கு அங்கே பாதி முகம் இருந்தது.

திரையைப் பார்த்தாள். உயிருள்ள எந்தத் தோலில் வைத்தாலும் முப்பது டிகிரிக்கு மேல் காட்டும் மெஷின் அது.

நாலு காட்டியது.

அப்போதுதான் வாசனை வந்தது. முதலில் நனைந்த தலைமுடி. பிறகு பெட்ரோல். அதற்கும் அடியில், ஆஸ்பத்திரியின் பின்கட்டு வாசனை...

ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால் திரும்பியும்விட்டது. இடது கை வரவில்லை. மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டால் எப்படி இருக்கும்... அப்படி ஒரு குளிர். இழுத்தாள். பிடி இறுகியது. புரோப்பைக் கன்னத்தில் இருந்து எடுத்தாள். இன்னும் இறுகியது. எலும்பு வலித்தது.

புரோப்பைத் திரும்ப வைத்தாள். பிடி கொஞ்சம் தளர்ந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவள் வேலையைச் செய்தாள். ஒரு கையால் ஜெல் குப்பியைத் தட்டினாள். ஜெல் காற்றில் நின்றது. கீழே விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது.

"சூடா இருந்தா... அழுத்துங்க பானுக்கா."

டிக்... டிக்... டிக்...

நடுவில் விளக்கு ஒரு தடவை மங்கியது.  மறுபடியும் மின்சாரம் போனால்... பாதியில் நின்றால்... இந்தப் பிடி விடவே விடாது என்று தெரியும். மூத்திரம் காலில் வழிந்ததுகூட அப்புறம்தான் தெரிந்ததாம். விளக்கு துடித்தது, துடித்தது... நின்று எரிந்தது.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். பத்து. பிறகு இருபது. முப்பத்தைந்து. நாற்பதைத் தாண்டியது. உயிரோடு இருப்பவர்கள் அந்தச் சூட்டில் ஒரு தடவையாவது அழுத்துவார்கள். அந்த விரல்கள் அழுத்தவே இல்லை. அதனால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சூடு ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் சத்தம் தானாக நின்றது. புரோப்புக்கு அடியில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டை மட்டும் இன்னும் விடவில்லை.

கண்ணாடி.

அதை எடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தலையணைக்கு மேலே பிடித்தாள். "பாருங்க..." என்றாள். 

ரொம்ப நேரம். பிறகு ஒரு சின்ன மூச்சு... சிரிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி.

விரல்கள் விட்டன.

கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைக்கூடப் பூட்டவில்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தபோது பயத்தோடு ஒரு நிம்மதியும் இருந்ததாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று. அவர் பார்ப்பதற்குள் முடித்தாயிற்று. இனி வர மாட்டாள்.

மறுநாள் காலையில் கப்பல் வந்தது. அன்றே எரித்துவிட்டார்கள்.

துக்கம் கேட்க மீனாவோடு போனாள் வைஜெயந்தி. ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. சவரம் செய்யாத முகம். வந்தவர்களை எல்லாம் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். இவள் கிளினிக் பெண் என்று தெரிந்ததும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவ முகத்தக் கடைசியா தொட்டு வேலை பாத்தது நீங்கதானேம்மா?"

வைஜெயந்தி தலையை ஆட்டினாள்.

"முகம் நல்லா இருந்துச்சு. ரெண்டு பக்கமும். தூங்கற மாதிரி." நிறுத்தினார். "ஐஸ் பெட்டியில இருந்து இழுத்தாங்க. நான் கன்னத்துல கை வெச்சேன். வலது பக்கம் கல்லு மாதிரி சில்லுனு இருந்துச்சு. இடது பக்கம்... சூடா இருந்துச்சும்மா."

மீனா வைஜெயந்தியைப் பார்த்தாள்.

"உயிர் இருக்குன்னு கத்தினேன். டாக்டர் வந்தாரு. பாத்தாரு. ஒண்ணும் இல்ல, துக்கத்துல உங்களுக்கு அப்படித் தோணுதுன்னாரு. எல்லாரும் என்னத் தோளப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. சுடுகாட்டுலயும் தொட்டேன். அப்பவும் சூடு. அந்தச் சூட்டோடதான் நான் கொள்ளி வெச்சேன்."

அவர் குரல் உயரவே இல்லை. விலாசம் விசாரிப்பது போலக் கேட்டார்.

"இத்தனை பேர் முகத்தத் தொட்டிருக்கீங்க. சொல்லுங்கம்மா. அவ உயிரோட இருந்தாளா? நான் அவள உயிரோட வெச்சு..."

"இல்ல சார்." வைஜெயந்தி முந்திக்கொண்டாள். "அது வெறும் கன்னத்துச் சூடு சார். முந்தின நாள் நான் தொட்டப்பவே அவங்க உயிரோட இல்ல. நல்லா தெரியும் எனக்கு."

 வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"முந்தின நாளா?" என்றார். "பெட்டிய என்னைத் தவிர யாருக்கும் திறக்கலன்னு சொன்னாங்களே... முந்தின நாள் அவள நீங்க எங்கம்மா பாத்தீங்க?"