ஏற மறுத்த டிஸ்க்

— ஃபார்மட் பண்ணவான்னு கேக்குதா? கையை எடுங்க மாமா. கீபோர்டை விட்டே கையை எடுங்க.

— நான் எங்கம்மா தட்டறேன்? தட்டறதுக்கு ஆள் உக்காந்திருக்கு. நீ போன்ல சொல்றதை நான் அங்க சொல்லிட்டிருக்கேன், அவ்வளவுதான்.

— யாரு அது?

— யாரோ ஒருத்தர், விடேன். காலையில கரன்ட் போய் வந்துச்சு. சர்வர் ஓடுது, ஆனா வரைபடமெல்லாம் இருக்கற பெரிய டிஸ்க் மட்டும் மவுன்ட் ஆக மாட்டேங்குது, உள்ள ஏறவே மறுக்குது. மதியம் ஆஸ்பத்திரி கட்டறவங்க பிளான் பார்க்க வராங்க. கழுத்துக்குக் கத்தி வந்திருக்கு, புரியுதா?

— அதான் இத்தனை மாசம் கழிச்சு மருமக ஞாபகம் வந்துச்சாக்கும்.

— இப்ப அதெல்லாம் எதுக்கு? தெரிஞ்ச கம்ப்யூட்டர்காரங்களை எல்லாம் கேட்டுட்டேன். அழிச்சிட்டுப் புதுசா போடுங்கன்னு எல்லாரும் ஒரே பாட்டு.

— அவங்களுக்கென்ன, போறது அவங்க வீட்டுச் சொத்தா?

— அதனாலதான் கௌரவத்தை விட்டுட்டு உன்னைக் கூப்பிட்டேன், புரியுதா?

— உங்க கௌரவம் போன்லதான் போச்சு, சாயங்காலத்துக்குள்ள திரும்பிடும். என் மானம் ஆபீஸ் நடுவுல போச்சு. பாலத்தோட பிளானை அழிச்சிட்டு எதிர்க் கம்பெனிக்கு வித்துட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. "ஒரு திருடியையா வீட்டுல வச்சிருந்தேன்"னீங்க.

— ஏதோ ஆத்திரத்துல...

— ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு தெரியும். பக்கத்துல தரையைப் பார்த்துட்டு நின்னாரே உங்க பையன், அவருக்கு எதுல மட்டு? கட்டின பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை வரலையே. அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

— இப்ப நீ உதவி பண்ணுவியா, மாட்டியா?

— பண்ணுவேன். உங்களுக்காக இல்ல. அந்த சர்வரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டது நான். எவனோ வந்து அழிக்க விடமாட்டேன். திரையில என்ன வந்திருக்கு? படிங்க.

— சூப்பர்பிளாக் கெட்டுப் போச்சுன்னு ஏதோ போட்டிருக்கு.

— அது டிஸ்க்கோட முதல் பக்கம் மாதிரி. முதல் பக்கம் கிழிஞ்சா புத்தகமே போச்சுன்னு அர்த்தமா? அதோட நகல் டிஸ்க்குக்குள்ளயே வேற இடத்துல இருக்கும். அதை வச்சுச் சரி பண்ணலாம். முதல்ல எதையும் மாத்தாம சோதிச்சுப் பார்ப்போம். நான் சொல்றதை எழுத்து எழுத்தாச் சொல்லுங்க, ஒரு புள்ளி கூட விடாம.

— சொல்லு... ம்... ம்... ஓடுது. நகல் நல்லா இருக்காம்.

— இப்ப நிஜமாவே ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க.

— ஓடுதும்மா... இன்னும் ஓடுது... முடிஞ்சுது! எல்லாம் சரியா இருக்குன்னு வந்துடுச்சு! என் தாயே, பொழைச்சேன்! மவுன்ட் பண்ணிடலாமா?

— இருங்க. அந்த டிஸ்க்கை ஏத்தற ஃபோல்டர் இப்ப காலியா இருக்கணும். திறந்து பாருங்க.

— காலியாத்தான் இருக்கும்.

— பாருங்கன்னேன்.

— ...உள்ள ஏதோ ஒண்ணு இருக்கு.

— என்ன பேரு?

— ஏதோ பழைய குப்பைம்மா.

— குப்பைக்கும் பேரு இருக்கும். படிங்க.

— ..."பாலம் கடைசி பிளான்".

— நான் வித்துட்டேன்னு சொன்னீங்களே, அந்தப் பிளானா?

— அதேதான் போலிருக்கு.

— அப்ப கேளுங்க. மேஜை மேல காகிதத்தை வச்சிட்டு அது மேல விரிப்பைப் போட்டா காகிதம் எங்க போகும் மாமா? அங்கயேதான் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த ஃபோல்டர்தான் மேஜை, டிஸ்க்தான் விரிப்பு. எங்கம்மா ஆபரேஷனுக்கு நான் லீவு போட்ட அன்னைக்கும் கரன்ட் போய் டிஸ்க் ஏறாம இருந்துச்சு. யாரோ அது தெரியாம வெறும் ஃபோல்டர்ல பிளானை சேவ் பண்ணியிருக்காங்க. மறுநாள் நான் வந்து டிஸ்க்கை ஏத்தினதும் அது அடியில போயிடுச்சு.

— இப்படிக் கூடவா ஆகும்?

— ஆகும்னுதான் அன்னைக்கே கேட்டேன். நான் இல்லாதப்ப எதையாவது சேவ் பண்ணீங்களான்னு. "என்னையே கேள்வி கேக்கறியா, நான் தொடவே இல்ல"ன்னு குதிச்சீங்க. ஃபைல் பக்கத்துல சேவ் பண்ணவங்க பேரு இருக்கும். யாரு?

— அது இப்ப எதுக்கு?

— யாரு பேரு மாமா?

— என் பேருதான்.

— சரியாக் கேக்கல.

— என் பேருதாம்மா! எனக்கு ஞாபகம் வந்தப்ப நீ போயிட்டே. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சிட்டுச் சொல்றது?

— தெரிஞ்சே இருந்தீங்களா! இத்தனை மாசமும் என்னைத் திருடியாவே வச்சிருந்தீங்களா!

— நடந்தது நடந்து போச்சு. டிஸ்க்கை ஏத்திட்டா அது மறுபடியும் அடியில போயிடும். நீயும் வீட்டுக்கு வந்துடு, உன் சீட்டு அப்படியே இருக்கு. குடும்ப விஷயம் நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும், புரியுதா?

— பழி போட்டப்ப எந்தச் சுவர் இருந்துச்சு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க நான் கரண்டி பிடிக்க மாட்டேன். ஆபீஸ்ல இருக்கற எல்லாரையும் கூப்பிடுங்க. உங்க பையனையும் கூப்பிடுங்க. அவங்க கண்ணால பார்த்த அப்புறம்தான் அந்த டிஸ்க் ஏறணும்.

— அவன் வெளியில போயிருக்கான். மதியம் ஆளுங்க வராங்கன்னு சொல்றேன், நீ வீம்பு பிடிக்கறே. இவ கிடக்கறா, நீ மவுன்ட் பண்ணு.

— தட்டறவரே, கத்தியே சொல்றேன், என் குரல் அங்க கேக்குதா? நீங்க யாரோ, எவரோ. உங்க வேலை போகும்னு பயமா இருக்கும். எனக்கும் அந்த வேலைதான் போச்சு. தட்டாதீங்க.

— அவ பேச்சு உனக்கு எதுக்கு? தட்டுடா!

— மாட்டேன்பா. ஏங்க, எல்லாரும் உள்ள வாங்க! என் பொண்டாட்டி திருடி இல்ல, வந்து பாருங்க!